சொந்த மைதானத்தில் வெளியூர் நிறம்: பிளேஆஃப் டிக்கெட் மறுவிற்பனை குறித்து

#1 · தெற்கு வளைவு

2024 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு, கொலம்பஸில் எங்கள் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியும் டென்னசி பல்கலைக்கழக அணியும் மோதிய, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (பந்தைக் கையிலேந்தி ஆடுவது) பிளேஆஃப் எனப்படும் பட்டச் சுற்று ஆட்டத்தை நேரில் பார்த்தவன் நான். பதினொரு ஆண்டுகளாக ஒரே இருக்கைக்குச் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். அன்று கண்ட காட்சி இன்றும் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால், அதை முறையாகப் பேசித் தீர்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

புதியவர்களுக்குப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 2014 பருவத்தில் தொடங்கிய இந்த பிளேஆஃப், பத்து ஆண்டுகள் நான்கே அணிகளுடன், எவருக்கும் சொந்தமல்லாத பொது மைதானங்களில் நடந்தது. 2024இல் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோதுதான், ஐந்து முதல் எட்டு வரை தரவரிசை பெற்றவர்கள் முதல் சுற்று ஆட்டத்தைத் தங்கள் வளாகத்திலேயே நடத்தலாம் என்ற ஏற்பாடு வந்தது. சொந்த மண், சொந்தக் கூட்டம், டிசம்பர் குளிர் என்று எத்தனை ஆண்டுகள் இதற்காகக் காத்திருந்தோம்! எட்டாம் இடம் பெற்ற எங்களுக்கு ஒன்பதாம் இடத்து டென்னசி எதிரணியாக அமைந்தது. அதற்கு முன் இரண்டு அணிகளும் ஒரே ஒருமுறைதான், 1996 ஜனவரி 1 அன்று ஃபுளோரிடாவில் நடந்த சிட்ரஸ் பவுல் என்ற போட்டியில், சந்தித்திருந்தன.

எங்கள் மைதானத்தில் 1,02,780 பேர் அமரலாம். வெளியூர் அணிக்கு ஒதுக்கப்பட்டவை 3,500 இருக்கைகள். ஆனால் நான் படியேறி உள்ளே நுழைந்தபோது, அந்த 3,500ஐ எத்தனையோ மடங்கு தாண்டி டென்னசியின் ஆரஞ்சு நிறம் மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் திட்டுத் திட்டாகப் பரவிக் கிடந்தது. எங்கள் மைதானத்தில் மாநிலப் பெயரின் ஆங்கில எழுத்துகளை முழங்கும் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பக்கத்தார் ‘ஓ’ என்பார்கள், அடுத்த பக்கத்தார் ‘எச்’, அதற்கடுத்தவர்கள் ‘ஐ’, கடைசிப் பக்கத்தார் மறுபடி ‘ஓ’. அந்தக் குரல் லாடம் போன்ற மைதானத்தைச் சுற்றி வரும்போது உடம்பு சிலிர்க்கும். அன்று முதல் இரண்டு எழுத்துகள் இடிபோல் எழுந்தன. மூன்றாவது எங்கள் பகுதிக்கு வந்தபோது மெலிந்து, நடுவில் பல் விழுந்த வாயைப் போல ஓட்டையாக ஒலித்தது. என்னைச் சுற்றி ‘ஐ’ சொல்ல வேண்டிய இருக்கைகளில் வேறு ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

என் இடப்பக்கத்து இரண்டு இருக்கைகளில் பல ஆண்டுகளாக ஓஹையோவின் டேட்டன் நகரிலிருந்து வரும் ஒரு முதிய தம்பதியர் அமர்வது வழக்கம். அன்று அங்கே டென்னசியிலிருந்து வந்த ஒரு தந்தையும் பத்து வயது மகனும் இருந்தார்கள். அலுமினிய பெஞ்சின் குளிர் ஏறாமல் இருக்க மகனின் காலடியில் அட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்திருந்தார் தந்தை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த இருக்கைகள் எப்படி அவர்கள் கைக்குப் போயின என்பதை நாம் பேசியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

#2 · நாக்ஸ்வில்வாசி

ஐயா, நானும் அன்று அந்த மைதானத்தில் இருந்தேன், ஆரஞ்சுச் சட்டையில். எங்கள் அணியின் ஊரான நாக்ஸ்வில்லில் அதிகாலையில் புறப்பட்டு, 75ஆம் நெடுஞ்சாலையில் கென்டக்கியைக் கடந்து, சின்சினாட்டியில் 71க்கு மாறி வந்து சேர்ந்தோம். வழியில் நின்ற ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் ஆரஞ்சுத் தொப்பிகளைப் பார்த்தோம். டென்னசிக்கு இதுதான் முதல் பிளேஆஃப் ஆட்டம். அதுவும் எங்கள் அணி இதுவரை கால் வைத்திராத ஊரில் நடக்கும்போது, வராமல் எப்படி இருப்போம்?

நாங்கள் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. விற்பனைக்கு வைத்ததை விலை கொடுத்து வாங்கினோம். டிசம்பர் 8 அன்று யார் யாருடன் மோதுவது என்று அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே மறுவிற்பனைத் தளங்களில் உங்கள் மைதானத்து இருக்கைகள் வரிசை வரிசையாக வந்துவிட்டன. அதற்கு எட்டு நாள்களுக்கு முன்புதான், நவம்பர் 30 அன்று, நீங்கள் உங்கள் பரம எதிரியான மிச்சிகனிடம் 13-10 என்று சொந்த மைதானத்தில் தோற்றிருந்தீர்கள். அது அவர்களிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. மனம் வெறுத்தவர்கள் விற்றார்கள், மனம் நிறைந்தவர்கள் வாங்கினார்கள். குறை சொல்வதானால் விற்றவரிடம்தான் சொல்ல வேண்டும்.

#3 · வெள்ளிமலை

ஆட்டம் 42-17 என்று ஓஹையோ ஸ்டேட்டுக்கே சாதகமாக முடிந்தது. முதல் கால் பகுதியிலேயே 21-0. அந்த ஆண்டு வளாகத்தில் நடந்த நான்கு முதல் சுற்று ஆட்டங்களிலும் சொந்த அணியே வென்றது. கேலரியில் எந்த நிறம் இருந்தால் என்ன?

#4 · சைலன்ட் கவுன்ட்

வெள்ளிமலை, என் மகன் பள்ளி அணியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தைப் பெற்றுத் தாக்குதலை நடத்தும் வீரனாக, விளையாடுகிறான். அவனோடு நான்கு ஆண்டுகள் மைதானம் மைதானமாக அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த விளையாட்டில் கூட்டத்தின் சத்தம் வெறும் அலங்காரமல்ல, அது ஆட்டத்தின் ஒரு உறுப்பு. பந்து எப்போது பின்னால் வரும் என்பதைக் குவார்ட்டர்பேக் குரல் கொடுத்துத்தான் தன் வரிசைக்குச் சொல்கிறார். அந்தக் குரல் கேட்காவிட்டால் காலசைவு, கையசைவு, தலையசைவு என்று சைகைக்கு மாற வேண்டும். அதைத்தான் சைலன்ட் கவுன்ட் என்கிறோம். சைகைக்கு மாறிய உடனே முன்வரிசைக்காரருக்குக் கணப்பொழுது தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை ஈடுகட்ட அவசரப்பட்டு முன்பே அசைந்துவிட்டால் ஐந்து கெஜம் அபராதம். 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் வருகிறது என்றாலும், பந்தை ஆடத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் பதினைந்து வினாடி மிஞ்சியிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்படும். அதன்பின் அந்த வீரரும் கூட்டமும்தான்.

எனவே, சொந்த மைதானத்து ரசிகர்கள் தங்கள் அணி பந்தோடு நிற்கும்போது அடங்கி இருக்கவும், எதிரணியிடம் பந்து இருக்கும்போது தொண்டை கிழியக் கத்தவும் பழகியவர்கள். வெளியூர்க் கூட்டம் பெருகினால் இந்த இரண்டும் கெடுகின்றன: எதிரணிக்கு வேண்டிய அமைதி கிடைக்கிறது, நம் அணிக்கு வேண்டிய அமைதி கிடைக்காமல் போகிறது. 2022 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இது அப்படியே நடந்தது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் ராம்ஸ் அணி தன் சொந்த சோஃபை மைதானத்தில், எதிரணியான சான் ஃபிரான்சிஸ்கோவின் ரசிகர்கள் எழுப்பிய கூச்சலால் சைலன்ட் கவுன்ட்டுக்கு மாற வேண்டியிருந்தது. 17-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 27-24 என்று இழந்தார்கள். தோல்விக்குச் சத்தம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை; ஆனால் வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே சைகையில் பேசும் நிலை வரக்கூடாது.

#5 · வெள்ளிமலை

விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் ஒன்று: 2025 பருவத்தின் முதல் சுற்றில் ஓக்லஹோமா 17-0 என்று முன்னிலை பெற்றும் அலபாமாவிடம் 34-24 என்று தோற்றது. டெக்சஸ் ஏ அண்ட் எம் மியாமியிடம் 10-3 என்று தோற்றது. இரண்டு இடங்களிலும் உள்ளூர்க் கூட்டம் முழு வேகத்தில் இருந்தது. ஆரவாரம் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை.

#6 · தெற்கு வளைவு

உத்தரவாதம் என்று நானும் சொல்லமாட்டேன். நாங்கள் வென்றது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த அணி அடுத்து ஓரிகனையும் டெக்சஸையும் வீழ்த்தி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23 என்று வென்று பட்டத்தையும் எடுத்தது. ஆனால் பொது மைதானத்தை விட்டு வளாகத்துக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்ததே அந்தச் சூழலுக்காகத்தான். சூழலை விற்றுவிட்டால், ஆட்டத்தை இண்டியானாபோலிஸில் கூரையிட்ட பொது மைதானத்திலேயே வைத்திருக்கலாமே. வென்றோமா தோற்றோமா என்பதால் அந்தக் கேள்வி மாறாது.

#7 · மேற்குக் கரை

நான் லாஸ் ஏஞ்சல்ஸ்காரன். சைலன்ட் கவுன்ட் சொன்ன ஆட்டத்தின் தொடர்ச்சியைச் சொல்கிறேன், ஏனெனில் தீர்வு தேடுபவர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. மூன்றே வாரத்தில், 2022 ஜனவரி 30 அன்று, அதே இரண்டு அணிகள் அதே மைதானத்தில், என்எஃப்எல்லின் ஒரு பிரிவான என்எஃப்சியின் இறுதி ஆட்டத்தில் மோத வேண்டியிருந்தது. இம்முறை சான் ஃபிரான்சிஸ்கோவின் சிவப்புக் கூட்டத்தைத் தடுக்க, லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்று வட்டார முகவரிக்கு உரிய கடன் அட்டை உள்ளவர்களுக்கே டிக்கெட் என்று விற்பனைப் பக்கத்தில் முதலில் அறிவித்தார்கள். கடும் விமர்சனம் எழுந்து, விரைவிலேயே அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. இருந்திருந்தாலும் பயன் குறைவுதான். முகவரிச் சோதனை முதல் விற்பனைக்கு மட்டுமே பொருந்தும். மறுவிற்பனைக்கு வந்துவிட்ட டிக்கெட் எந்த ஊருக்கும் போகும். அன்றும் கேலரி பெருமளவு சிவப்பாகத்தான் இருந்தது. ராம்ஸ் 20-17 என்று வென்றது வேறு கதை.

எங்கள் ஊரின் நோய் இன்னும் ஆழமானது. ராம்ஸ் 1994 வரை இந்த வட்டாரத்தில் இருந்து, செயின்ட் லூயிஸுக்குப் போய், 2016இல்தான் திரும்பியது. இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில் வளர்ந்த ஒரு தலைமுறை வேறு அணிகளைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சான் டியேகோவை விட்டு 2017இல் வந்த சார்ஜர்ஸ் அணி, அருகிலுள்ள கார்சனில் சுமார் 27,000 பேர் அமரும் சிறிய மைதானத்தில் விளையாடியபோதுகூட எதிரணி ரசிகர்களே நிறைந்திருந்தார்கள். டிக்கெட் விதியை மாற்றி அங்கே ரசிகரை உருவாக்க முடியாது. கொலம்பஸின் நிலை அப்படியல்ல. அங்கே ரசிகர்கள் இருக்கிறார்கள், டிக்கெட்தான் அவர்களை விட்டுப் போகிறது.

#8 · மழைநகர்

சியாட்டிலும் இதைச் செய்திருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவுடன் மோதிய 2014 ஜனவரி 19 என்எஃப்சி இறுதிக்கு வாஷிங்டன், ஓரிகன், மொன்டானா, ஐடஹோ, அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களுக்கும், கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பெர்ட்டாவுக்கும் மட்டுமே நேரடி விற்பனை என்றார்கள். கலிஃபோர்னியா பட்டியலில் இல்லை. ஒரு சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர் 5 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார், வழக்கு தள்ளுபடியானது. அதே நாளில் டென்வரும் தன் ஆட்டத்துக்கு ராக்கி மலைப் பகுதி என்ற எல்லையை வகுத்திருந்தது. ஆனால் சியாட்டிலில் அந்த விதி இல்லாவிட்டாலும் கேலரி நீலமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை. அதற்கு முந்தைய மாதம்தான் 137.6 டெசிபல் என்று சாதனை பதித்த கூட்டம் அது. இங்கே டிக்கெட்டை விற்றவர் அலுவலகத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

#9 · வரவு செலவு

நானும் கொலம்பஸ்தான். நான் விற்றவன். இந்த இழையில் எவரும் விற்றவரின் பக்கத்தைச் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் நான்கு இருக்கைகள். நல்ல இடத்தில் இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலைக்கு மேல் ஆண்டுதோறும் நன்கொடையும் கட்ட வேண்டும். சொந்த மைதானத்தில் நடக்கும் ஏழெட்டு ஆட்டங்களில் பாதி, வலுவில்லாத எதிரணிகளோடு நடப்பவை. அவற்றை மறுவிற்பனையில் அச்சிட்ட விலைக்கும் கீழேதான் தள்ள முடியும். மிச்சிகன் ஆட்டமோ பிளேஆஃப் ஆட்டமோ வரும்போதுதான் ஒரே விற்பனையில் பருவத்தின் பெரும்பகுதிச் செலவு கைக்குத் திரும்புகிறது. இனி இந்தச் சுமை இன்னும் ஏறும். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வருவாயிலிருந்து வீரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிரலாம் என்றாகிவிட்டது. அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டுமல்லவா? டென்னசி பல்கலைக்கழகமே 2025 சீசன் டிக்கெட்டுகளில் பத்து சதவீதத்தைத் ‘திறமைக் கட்டணம்’ என்று தனியாகச் சேர்த்தது. எங்களை இப்படிக் கறந்துவிட்டு, இருக்கையை விற்கும்போது மட்டும் விசுவாசம் பேசுவது நியாயமாகப் படவில்லை.

அன்று குளிர் நான்கு டிகிரி மைனஸில் இருந்தது. ஆட்டம் தொடங்கியதே இரவு எட்டு மணிக்கு. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள். கடைக்குட்டிக்கு ஐந்து வயது. வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்தோம். அதற்காக நான் வருந்தவில்லை.

#10 · தெற்கு வளைவு

வரவு செலவு, ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை. ஐந்து வயதுக் குழந்தையை அந்தக் குளிரில் உட்கார வைத்திருந்தால்தான் தவறு. ஆனால் ஒரு வேறுபாட்டைப் பார்க்கும்படி கேட்கிறேன். செப்டம்பர் ஆட்டத்து டிக்கெட் நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டி வாங்கியது. பிளேஆஃப் டிக்கெட் அப்படியல்ல. நீண்ட நாள் ரசிகர் என்ற காரணத்துக்காகப் பொதுமக்களுக்கு முன்பாக அச்சிட்ட விலையில் வாங்கும் உரிமை நமக்குத் தரப்படுகிறது. போக இயலாதபோது அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், வரிசையில் அடுத்து நின்ற உள்ளூர்க்காரருக்கு அது போயிருக்கும். வாங்கிய மறு மணி நேரத்தில் விற்பனைக்கு வைத்தவர்கள், ரசிகராகப் பெற்ற சலுகையை வியாபாரியாகப் பயன்படுத்தினார்கள். இழப்பைச் சரிக்கட்ட விற்பதும் இதுவும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது.

#11 · நூலகத் தளம் 11

இந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி. ஒரு தகவலை எல்லோரும் விட்டுவிட்டீர்கள்: அன்று இலையுதிர்ப் பருவத் தேர்வுகள் முடிந்து, விடுதிகள் காலியாகி, மாணவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்டார்கள். எந்த மைதானத்திலும் சத்தத்தின் ஊற்று மாணவர் பகுதிதான். ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தவர்கள் என்னைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களும் ஆய்வுக்கூடத்தை விட முடியாதவர்களும்தான். எங்களுக்குப் போக ஆசை இருந்தது, மறுவிற்பனை விலைக்குக் கையில் பணமில்லை. நான் ஆய்வுக்கூடச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நம் அணியின் முதல் மூன்று டச்டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) எழுந்த சத்தத்தைக் கேட்டேன். சத்தம் வந்த பிறகுதான் என் மடிக்கணினியில் காட்சி வந்தது.

#12 · பார்சா பெரியவர்

ஐரோப்பாவில், காலால் ஆடும் கால்பந்தில், இதைவிடப் பெரிய அவமானம் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 14, யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம், பார்சலோனாவின் காம்ப் நூ மைதானம். ஐரோப்பிய விதிப்படி வெளியூர் அணிக்கு ஐந்து சதவீத இடம். எதிரணியான ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கிடைத்தது 5,000. உள்ளே இருந்தவர்களோ இருபத்தைந்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரை என்று அன்றைய செய்திகள் கணித்தன. புனித வெள்ளிக்கு முந்தைய நாள். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் பலர் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்திருந்தார்கள். அந்த மைதானத்தில் வெள்ளை என்றால் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டின் நிறம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாடி உற்சாகமூட்டும் பார்சாவின் ரசிகர் குழுவே எதிர்ப்புத் தெரிவித்து இரண்டாம் பாதித் தொடக்கத்தில் தன் பகுதியைக் காலியாக விட்டது. பார்சா 2-3 என்று தோற்றது. கிளப் தலைவர் லபோர்ட்டா வெட்கப்படுவதாகப் பொதுவெளியில் சொன்னார். ஐரோப்பியப் போட்டிகளுக்கு இனி பெயர் பொறித்த டிக்கெட்தான் என்றும் அறிவித்தார்.

இங்கிலாந்திலோ இது குற்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்பவர் தண்டனைக்குரியவர். கலவரத்துக்கு அஞ்சி, இரு தரப்பு ரசிகர்களையும் பிரித்து வைக்க வந்த சட்டம் அது. அமெரிக்காவிலும் இத்தகைய சட்டம் வர வேண்டும்.

#13 · நாக்ஸ்வில்வாசி

பெரியவர் மன்னிக்க வேண்டும், இதில் நான் உடன்பட மாட்டேன். அங்கே வேலி வேண்டியிருப்பது அடிதடிக்காக. இங்கே எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஓஹையோக்காரர், நாங்கள் 21-0 என்று நொந்து கிடந்தபோது, தன் குடுவையிலிருந்து என் மனைவிக்குச் சூடான சாக்லேட் ஊற்றிக் கொடுத்தார். எதிரணி ரசிகரோடு தோளோடு தோள் அமரும் இந்த வழக்கத்தைச் சட்டம் போட்டு அழித்துவிட்டு எந்தச் சூழலைக் காப்பாற்றப் போகிறோம்? இருக்கைகளைக் குறையுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். எங்களைக் கூண்டுக்குள் அடைக்காதீர்கள்.

#14 · தெற்கு வளைவு

நாக்ஸ்வில்வாசியோடு இந்த இடத்தில் நான் முழுமையாக உடன்படுகிறேன். என் பக்கத்துச் சிறுவன் மூன்றாம் கால் பகுதியில் குளிர் தாங்காமல் தந்தையின் மேலங்கிக்குள் புகுந்துகொண்டு, அதன் பொத்தான்களுக்கு இடையே கண்ணை மட்டும் வைத்து ஆட்டத்தைப் பார்த்தான். அவன் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

இந்த இழை தொடங்கிய பின், டேட்டன் தம்பதியரைத் தொலைபேசியில் அழைத்து ஏன் விற்றார்கள் என்று கேட்டேன். பெரியவருக்கு அப்போது முழங்கால் அறுவை நடந்து ஆறு வாரம்; படியேற முடியவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாராம். ஆனால் செயலியில் ‘மாற்று’ என்பதை அழுத்தினால் பெறுபவரின் மின்னஞ்சல் கேட்டது, அவருக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. ‘விற்பனை’ என்பதை அழுத்தினால் எதையும் கேட்கவில்லை; விலையைக்கூட அதுவே நிரப்பியிருந்தது. நூலகத் தளம் 11 ஆய்வுக்கூடச் சன்னலருகே நின்றுகொண்டிருந்த அதே வாரத்தில், பத்து நிமிட நடைத் தொலைவில் இருந்த ஓர் இருக்கை கொடுக்க ஆளில்லாமல் டென்னசிக்குப் போயிருக்கிறது.

ஆகவே நான் தடையைக் கேட்கவில்லை. பிளேஆஃப் டிக்கெட்டுகளுக்கு மட்டும், அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு, பல்கலைக்கழகமே ஒரு சாளரத்தைத் திறந்து வைக்கட்டும். போக இயலாதவர் டிக்கெட்டை அதில் திருப்பிக் கொடுத்தால் கட்டிய தொகை முழுவதும் கைக்கு வர வேண்டும். அது வளாகத்தில் தங்கியிருக்கும் மாணவர்களுக்கும் காத்திருப்போர் பட்டியலுக்கும் அதே விலையில் போக வேண்டும். ஒரு வாரத்துக்குப் பிறகு மிஞ்சியதை யார் எங்கே விற்றாலும் எனக்கு மறுப்பில்லை. இதை எழுத்தில் விளையாட்டுத் துறைக்கு அனுப்பப் போகிறேன். வரவு செலவு அவர்களே, உங்கள் கணக்கறிவு எனக்கு உதவும்.

#15 · வரவு செலவு

கட்டிய தொகை முழுவதும் திரும்பும் என்றால் நான் கையெழுத்திடுகிறேன். நன்கொடையில் ஒரு பகுதியையாவது கழித்துத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

#16 · நூலகத் தளம் 11

மாணவர்களின் கையொப்பம் வாங்கும் வேலையை நான் ஏற்கிறேன். தமிழ் மாணவர்கள் மட்டுமே எங்கள் துறைத் தளத்தில் ஆறு பேர் இருக்கிறோம், டிசம்பரில் யாரும் ஊருக்குப் போவதில்லை.

#17 · தெற்கு வளைவு

நல்லது. டேட்டன் பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: கொலம்பஸில் அடுத்த பிளேஆஃப் ஆட்டம் எப்போது நடந்தாலும், தங்களால் வர முடியாவிட்டால் அந்த இரண்டு இருக்கைகளையும் என்னிடமே தந்துவிடுவாராம். உங்கள் மின்னஞ்சலைத் தனிச்செய்தியில் அனுப்பிவையுங்கள், அம்மா.

#18 · நூலகத் தளம் 11

அனுப்பிவிட்டேன். அலுமினிய பெஞ்சுக்கு அட்டை நான் கொண்டுவருகிறேன், ஐயா. ஆய்வுக்கூடத்தில் காலிப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன.